பதினாறு வாரத்தில் ஓர் அறிமுகச் சிற்றட்டை

சுயதொழில் வழிகாட்டு மையத்தின் நேர்முகத் தேர்வில் மில்லிமீட்டர் அக்கா செய்த முதல் தவறு, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது.

"ஒரு விசிட்டிங் கார்டு செய்ய உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஆளு எதிர்ல உக்காந்திருந்தா கால் மணி நேரம் சார். பேரு, தொழில், போன் நம்பர். எழுத்துப் பிழை பாக்க இன்னும் ரெண்டு நிமிஷம்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், நோயாளியின் சொந்தக்காரரை வெளியே கூப்பிடுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"இங்க அதுக்குப் பதினாறு வாரம்," என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மையார், ரொம்பக் கனிவாக. "அதோட, நாங்க அதை விசிட்டிங் கார்டுன்னு சொல்றதில்லம்மா. தொழில்முனைவோர் அறிமுகச் சிற்றட்டை."

பயிற்றுநர் வேலை கிடைத்துவிட்டது. வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

மில்லிமீட்டர் என்பது அச்சகத்தில் வந்த பெயர். பத்தொன்பது வருடம் ஒரே அச்சகத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, திருமண அழைப்பிதழிலிருந்து மருந்துப் பெட்டிவரை வடிவமைத்தவள். வெட்டி அடுக்கிய கார்டுக் கட்டை வாசலில் நின்று பார்த்தே, "இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர் சாஞ்சிருக்கு" என்பாள். அளந்து பார்த்தால் சாய்ந்துதான் இருக்கும். வெட்டும் இயந்திரக்காரர் எரிச்சலில் வைத்த பெயர் நாளடைவில் மரியாதையாகிவிட்டது. அப்புறம் ஆட்கள் செல்போனிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். அச்சகத்தில் ஒரு நாற்காலி குறைந்தது. அது அவளுடைய நாற்காலி.

மையம் கொடுத்தது நான்கு மாத ஒப்பந்தம். முடிந்ததும் இயக்குநர் மனம் வைத்தால் நீட்டிப்பார்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்தார். பாதி நாள் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கூப்பிட, சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டு ஓடுவார். அதனால் இயக்குநரின் மனம் வைக்கப்பட வேண்டியது அவசியமாக இருந்தது.

முதல் நாள் காலையில் நூற்றுப் பன்னிரண்டு பக்கப் பயிற்றுநர் கையேட்டை அவள் கையில் கொடுத்தார்கள். முதல் வாரத்தின் தலைப்பு: "அட்டை என்பது யாது?" அதன் கீழே சாய்வெழுத்தில், "இவ்வாரத்தில் மாணவர்கள் அட்டை எதையும் தொடுதல் ஆகாது" என்று இருந்தது.

வகுப்பில் பதினோரு பேர். எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள், கை காய்த்தவர்கள். ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டி, கட்டைவிரலில் எப்போதும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் கண்ணாடிக்காரர், சோபாவுக்கு உறை தைக்கும் ஒரு கணவன் மனைவி, பூட்டுத் திறப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் கைவசம் இருந்தது. கைவசம் இல்லாதது அந்தத் தொழிலை நாலு பேருக்குச் சொல்லும் வழிதான். முன்வரிசையில் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் மெக்கானிக் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பைக்குள் ஸ்பேனர்கள் இருந்ததால் அவர் அசையும்போதெல்லாம் ஒரு சத்தம் வந்தது.

"மேடம், நேரா விஷயத்துக்கு வரேன்," என்றார் அவர். "பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா அடுக்குமாடி கட்டியிருக்காங்கல்ல? நானூறு வீடு. எட்டாவது வாரம் ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் சாவி கொடுக்கறாங்க. நானூறு வீடுன்னா நானூறு மெஷின். ஏத்தி எறக்கறதுலயே பாதி மெஷினுக்குக் கால் ஆட ஆரம்பிச்சுரும். அன்னிக்கி வாசல்ல நின்னு ஆளுக்கொரு கார்டு நீட்டிட்டேன்னா, அப்புறம் என்னைப் பிடிக்க முடியாது."

"வாசல்ல நிக்க விடுவாங்களா?"

"இந்த மையத்தோட அடையாள அட்டை போட்டிருந்தா விடுவாங்களாம். அதுக்குத்தானே சேந்தேன்."

மில்லிமீட்டருக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போயிற்று. மனத்துக்குள்ளேயே கார்டு தயாராகிவிட்டது. வெள்ளை அட்டை, நீல எழுத்து, நம்பர் மட்டும் பெரிதாக, கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிகிற மாதிரி. கையேட்டைப் புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் நான்காம் விதி தடித்த எழுத்தில் இருந்தது. இறுதி ஒப்புதலுக்கு முன் மையத்துக்கு வெளியே சிற்றட்டை அச்சிடும் மாணவரின் பெயர் நீக்கப்படும், அடையாள அட்டை பறிக்கப்படும். அதற்கு உடந்தையாகும் பயிற்றுநரின் ஒப்பந்தம் அன்றே முடியும். இறுதி ஒப்புதல் எப்போது என்று தேடினாள். பதினாறாவது வாரம்.

ஆய்வுக் கட்டம் இரண்டாவது வாரம் தொடங்கியது. ஒவ்வொரு மாணவரும் பொதுமக்களிடமிருந்து நாற்பது அட்டைகள் சேகரிக்க வேண்டும். கொடுப்பவர் ஒவ்வொருவரும், "இந்த அட்டையை நான் முழு மனதுடனும் எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் கொடுக்கிறேன்" என்று மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அவரிடம் பதினெட்டுக் கேள்விகள். ஏழாவது கேள்வி: "இந்த அட்டையைக் கொடுப்பதற்குச் சற்று முன் உங்கள் மனநிலை என்ன?"

கண்ணாடிக்காரர் ஒரு பல் டாக்டரிடம் போய் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு, கடைசியில் அட்டை கேட்டிருக்கிறார். டாக்டர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். மூன்று பிரதிகளை நீட்டியதும் சிரிப்பு நின்றது. மனநிலையைக் கேட்டதும் உதவியாளரைக் கூப்பிட்டார்.

"நல்ல பல்லு ஒண்ணையும் சேத்துப் பிடுங்கிருவாரோன்னு பயந்துட்டேன் மேடம்," என்றார் கண்ணாடிக்காரர்.

மெக்கானிக் அம்மா ஒரு வங்கியில் மேலாளரின் அட்டையைக் கேட்டு, எதற்கு என்று விசாரித்தவரிடம் "ஆய்வு" என்று சொல்லப்போய், மேலாளர் அதைத் தணிக்கை என்று புரிந்துகொண்டு, இரண்டு மணி நேரம் அவரை உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து உபசரித்திருக்கிறார். உண்மை தெரிந்ததும் வெளியே அனுப்பியது இரண்டு நிமிடத்தில்.

ஐந்தாவது வாரம் பாக்கெட் ஆய்வு வந்தது. அட்டை கடைசியில் போய்ச் சேருவது சட்டைப் பையில் என்பதால், தெருவில் போகிற இருபத்தைந்து பேருடைய சட்டைப் பையின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து வர வேண்டும். மில்லிமீட்டர் எழுந்து ஒருங்கிணைப்பாளர் அறைக்கே போனாள்.

"மேடம், கார்டு தொண்ணூறு மில்லிமீட்டருக்கு அம்பத்தஞ்சு. உலகத்துல இருக்கிற பாக்கெட்டெல்லாம் ஏற்கெனவே அதுக்குத் தகுந்தாப்பலதான் இருக்கு."

"அது உங்க அனுபவம்மா," என்றார் அம்மையார். "அனுபவத்தை ஆதாரமா எடுத்துக்க எங்க விதியில இடமில்ல."

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரரைக் காவல் நிலையத்திலிருந்து கூட்டிவர மில்லிமீட்டர்தான் போக வேண்டியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவருடைய பைக்குள் அளவுகோலை விட்டபோது பிடித்திருக்கிறார்கள். "ஆழம் பாத்துட்டு இருந்தேன்னு சொன்னேன் மேடம். அதுதான் தப்பாப் போச்சு," என்றார் அவர். அளவு மட்டும் சரியாக எடுத்திருந்தார்.

மில்லிமீட்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. மாணவர்களின் படிவங்களை அடுக்கினாள், ஓரங்களைத் தட்டிச் சமன்செய்தாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். தாழ்வாரத்தில் நடந்தபடியே சாப்பிட்டாள். சுவரில் மாட்டியிருந்த இயக்குநரின் படம் வலது பக்கம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை அதைக் கடந்து போனாள். நாலு தடவையும் கை பரபரத்தது. அதைச் சரிசெய்ய எந்தப் படிவம் என்று தெரியாததால் விட்டுவிட்டாள்.

"இன்னிக்கி கார்டு எவ்வளவு தூரம் வந்துச்சு?" என்று கணவர் தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்பார்.

"வலது மேல்மூலைக்கு அனுமதி கிடைச்சிருக்கு," என்பாள் அவள்.

"பரவால்லையே. இன்னும் மூணு மூலைதான்."

ஆறாவது வாரத்தில் இயக்குநரின் சிறப்புரை. மூன்று வகுப்புகளின் மாணவர்களையும் அரங்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இயக்குநர் தன்னுடைய சிற்றட்டையை எடுத்துக் காட்டினார். அது நாலாக மடிந்திருந்தது. ஒவ்வொரு மடிப்பாகத் திறக்கத் திறக்கப் பட்டங்களும், பதவிகளும், முன்னாள் பதவிகளும், கௌரவ உறுப்பினர் பதவிகளும் விரிந்துகொண்டே வந்தன. நான்காவது மடிப்பில் அவர் ஒரு கருத்தரங்கில் கைகுலுக்கும் படம் இருந்தது. கைகுலுக்கிய மற்றவரை வெட்டியிருந்தார்கள்.

மெக்கானிக் அம்மா கையைத் தூக்கினார். "சார், நம்பர் எங்க சார் இருக்கு?"

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. இயக்குநர் கோபப்படவில்லை. புன்னகைத்தார்.

"நல்ல கேள்வி. ஆரம்ப நிலையில எல்லாரும் கேக்கற கேள்வி. நம்பர் போடறவன் யாரு? கூப்பிட மாட்டாங்களோன்னு பயப்படறவன். நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஆயிரக்கணக்கான சிற்றட்டை கொடுத்திருக்கேன். இன்னிக்கி வரைக்கும் ஒருத்தர்கூட அதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டதில்ல!" ஒரு நிமிடம் நிறுத்தி அரங்கத்தைப் பார்த்தார். "அந்த உயரத்துக்கு நீங்களும் வரணும். அதுதான் என் ஆசை."

கைதட்டல் எழுந்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழாவது வாரம் மாணவர்களின் முதல் வரைவுகள் ஒப்புதல் குழுவுக்குப் போயின. மெக்கானிக் அம்மாவின் வரைவு எட்டாவது வாரம் புதன்கிழமை திரும்பி வந்தது. சிவப்பு மையில் குழுவினர் கஷ்டப்பட்டு உழைத்திருந்தார்கள். பெயரை அடித்திருந்தார்கள், தற்புகழ்ச்சி என்று. போன் நம்பரை அடித்திருந்தார்கள், தனிநபர் தகவல் என்று. "வாஷிங் மெஷின் ரிப்பேர்" என்பதற்கு மட்டும் தனியாக ஒரு தாள் இணைத்திருந்தார்கள். ரிப்பேர் என்றால் இயந்திரங்கள் பழுதாகும் என்று பொருள்படுகிறது. உற்பத்தியாளர்கள் மனம் புண்படலாம். "துணித் தூய்மைச் சாதன நலம் பேணல்" என்று மாற்றலாம். ஆனால் நலம் என்ற சொல் சுகாதாரத் துறையின் வரம்புக்குள் வருவதால் அதையும் நீக்கிவிடலாம்.

எல்லாம் போக, வலது மேல்மூலையில் மையத்தின் சின்னம் மிஞ்சியிருந்தது. அடியில் பொடி எழுத்தில், "இது ஓர் அங்கீகரிக்கப்பட்ட சிற்றட்டை" என்று சேர்த்திருந்தார்கள். நடுவில் வெள்ளை.

மெக்கானிக் அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"மேடம், இதைக் கொடுத்தா வாங்கறவங்க என்னை என்னன்னு நெனைப்பாங்க?"

மில்லிமீட்டர் தாளை வாங்கி மேசை ஓரத்தோடு சமன்செய்து வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை விட்டா போச்சு மேடம். அதுக்கப்புறம் உள்ள விட மாட்டாங்க. என் வீட்டுக்காரர் படுத்தே மூணு வருஷம் ஆச்சு. பொண்ணு ஒண்ணு கல்லூரி வாசல்ல நிக்குது. நான் அழறதுக்காகச் சொல்லல. கணக்கு சரியா இருக்கணுமேன்னு சொல்றேன்." பையைத் தோளில் மாட்டினார். ஸ்பேனர்கள் சத்தம் போட்டன.

வெள்ளிக்கிழமை மில்லிமீட்டர் ஒருங்கிணைப்பாளர் முன்னால் போய் நின்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை, உட்கார்ந்தால் கால் ஆடும்.

"ஒரே ஒருத்தருக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி கொடுங்க மேடம். ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு அவசரம்."

அம்மையார் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் பேசினார். "அவசரப்படறவங்களுக்குச் சிற்றட்டை எதுக்கும்மா? அது பொறுமையோட அடையாளம். நான் இங்க பதினோரு வருஷமா இருக்கேன். இத்தனை வருஷத்துல நம்ம மாணவர் ஒருத்தர்கூடத் தப்பான அட்டை அடிச்சதில்ல. தெரியுமா உங்களுக்கு?"

"அட்டை அடிச்சவங்க மொத்தம் எத்தனை பேர் மேடம்?"

"அது வேற புள்ளிவிவரம்," என்றார் அம்மையார்.

சனிக்கிழமை காலையில் மில்லிமீட்டர் காய்கறி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கால் பழைய அச்சகத்துக்குப் போயிற்று. வழியெல்லாம் தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே போனாள். ஒப்பந்தம் போனால் பிள்ளைகள் நிலைமை என்ன? ஒரு வெள்ளை அட்டைக்காக ஒரு பொம்பளையின் பிழைப்பு போனால் அது என்ன நிலைமை? இரண்டு தடவை திரும்பி நடந்தாள். இரண்டாவது தடவை திரும்பியபோது அச்சகத்து முதலாளியே வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"என்னக்கா, வாசல்ல நின்னு ஒத்திகை பாக்கறீங்க? உள்ள வாங்க."

மெக்கானிக் அம்மாவுக்குப் போன் போட்டு வரச்சொன்னாள். அந்த அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார். பேரு, தொழில், நம்பர். பதினாலு நிமிடம். எழுத்துப் பிழை பார்க்க இரண்டு நிமிடம். நம்பரை மட்டும் மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். முந்நூறு கார்டு அடித்து வெட்டி, இன்னும் சூடு ஆறாத கட்டைக் கையில் கொடுத்தபோது, மெக்கானிக் அம்மா மேல் கார்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தன் பெயரை அச்சில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று அவர் சொல்லவில்லை. பார்த்த விதத்தில் தெரிந்தது.

"மாட்டிக்கிட்டா என்ன மேடம் பண்றது?"

"நீங்க என்னைப் பாக்கவே இல்ல. நான் காய்கறி வாங்க வந்தேன்."

"பை காலியா இருக்கே?"

"வெலை ஜாஸ்தி," என்றாள் மில்லிமீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை முந்நூறு கார்டும் போயின. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் விஷயம் மையத்துக்கு வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளரின் தம்பிக்கு அந்த அடுக்குமாடியில் வீடு. குடிபுகுந்த சகோதரரைப் பார்க்கப் போன அம்மையாரின் கையிலேயே மெக்கானிக் அம்மா ஒரு கார்டைக் கொடுத்திருக்கிறார், சிரித்த முகத்தோடு, "வீட்ல மெஷின் ஏதாவது மக்கர் பண்ணா கூப்பிடுங்க மேடம்" என்று. மேடத்தை அடையாளம் தெரியவில்லையாம். விடுமுறை நாளில் அம்மையார் புன்னகைத்துக்கொண்டு இருந்ததுதான் காரணம்.

விசாரணைக் குழு அமைந்தது. இயக்குநர், ஒருங்கிணைப்பாளர், வெளியிலிருந்து நடுநிலையாளராக ஓர் ஓய்வுபெற்ற பதிவாளர். அடுக்குமாடியின் காவலாளி மேசையிலிருந்து பறிமுதல் செய்த பத்துக் கார்டுகளைச் சான்று ஒன்று முதல் பத்து வரை என்று எண் போட்டு, ஒரு தட்டில் வைத்து, அலுவலக உதவியாளர் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவர் இருபது வருடமாக அந்த மையத்தில் எல்லாவற்றையும் ஏந்துபவர்.

மில்லிமீட்டர் மறைக்கவில்லை. நேரே சொல்லிவிட்டாள். "நான்தான் சார் செஞ்சேன். அவங்க கேக்கல."

மெக்கானிக் அம்மா பக்கத்தில் நின்றார். "பொய் சார். நான்தான் கேட்டேன்," என்றார்.

பதிவாளர் ஒரு கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதைப் பாத்து எத்தனை பேர் கூப்பிட்டாங்க?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் முப்பத்தி ஒண்ணு சார்," என்றார் மெக்கானிக் அம்மா. அவர் பைக்குள் போன் அடித்தது. "முப்பத்தி ரெண்டு."

இயக்குநர், நெஞ்சு கனத்தவர் போலப் பேசினார்.

"பாருங்கம்மா. இந்தக் கார்டு யாருக்கும் உபயோகப்படாம போயிருந்தா, ஏதோ மாணவர் முயற்சின்னு மன்னிச்சு விட்டிருப்போம். அப்படி நெறைய மன்னிச்சிருக்கோம். இது வேலை செஞ்சிருக்கே. ஆய்வு இல்லாம, குழு இல்லாம, கால் மணி நேரத்துல செஞ்ச ஒரு அட்டை வேலை செய்யுதுன்னு வெளியில தெரிஞ்சா, அப்புறம் நாங்கல்லாம் எதுக்குன்னு நாளைக்கு நாலு பேர் கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க சார்," என்றார் மெக்கானிக் அம்மா, ஒத்துக்கொண்டு.

விசாரணை முடியும்வரை அந்த அம்மாவின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மில்லிமீட்டர் வகுப்புக்குப் போகலாம், ஆனால் பேசக்கூடாது என்று ஆணை. அந்த வாரம் முழுவதும் அவள் மாணவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரர் மட்டும் அவ்வப்போது எழுந்து, "தைரியமா இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வீட்டிலும் பேச்சு குறைந்துபோயிற்று. நகத்தைக் கடித்தாள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை அளவு வாரியாக அடுக்கினாள். கணவர் ஒன்றும் கேட்காமல் பாத்திரம் கழுவினார்.

இரண்டாவது அமர்வு வியாழக்கிழமை. உதவியாளர் தட்டை மேசையில் வைத்து, தொண்டையைச் செருமினார்.

"சான்று ஏழுதான் இருக்குங்க."

"பத்து இருந்துச்சே?" என்றார் இயக்குநர்.

"போன தடவை ஐயாக்கள் கையில எடுத்துப் பாத்தாங்க. மேடமும் பாத்தாங்க. அதுக்கப்புறம் ஏழு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பதிவாளர் ஜன்னலைப் பார்த்தார். விசாரணை ஏழு சான்றுகளோடு தொடரும் என்று இயக்குநர் அறிவித்தார். எழுத்தின் பருமன் குறித்து அச்சுத்துறை மூத்த அலுவலர் ஒருவரின் கருத்து தேவைப்பட்டது. அவர் வந்து ஒரு கார்டை ஆராய்ந்தார். நீல நிறத்தைக் குறித்து நிறக்குழுத் தலைவர் வந்து ஒன்றை ஆராய்ந்தார். சட்டப்பிரிவிலிருந்து இருவர் வந்தார்கள். எல்லாரும் ரொம்ப நுணுக்கமாக, முகத்துக்கு அருகில் வைத்து ஆராய்ந்தார்கள். ஒருவர் வாய்க்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்வது போலவும் தெரிந்தது.

மூன்றாவது அமர்வில் உதவியாளர் ஏந்தி வந்த தட்டு காலியாக இருந்தது. இருந்தாலும் இரண்டு கைகளாலும்தான் ஏந்தி வந்தார்.

"சான்று எங்கே?" என்றார் பதிவாளர்.

"கடைசி மூணுல ரெண்டு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார் உதவியாளர். "ஒண்ணு நான் எடுத்துக்கிட்டேன். எங்க வீட்ல மெஷின் சுத்தறப்ப சமையலறை வரைக்கும் நடந்து வந்துருது."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். சான்றுகள் எவையும் குழுவின் முன் இல்லாத நிலையில், சம்பந்தப்பட்ட சிற்றட்டை அச்சிடப்பட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார். அச்சிடப்படாத ஓர் அட்டைக்காக எவரையும் தண்டிப்பதற்கில்லை. மாணவியின் அடையாள அட்டை திருப்பித் தரப்படுகிறது. பயிற்றுநரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறது. எனினும், இத்தகைய பிழைகள் எதிர்காலத்தில் நிகழாதிருக்க, பாடத்திட்டம் பதினாறு வாரத்திலிருந்து இருபத்துநான்கு வாரமாக உயர்த்தப்படுகிறது.

வெளியே தாழ்வாரத்தில் மெக்கானிக் அம்மா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். முகத்தில் சிரிப்பை அடக்கும் முயற்சி தெரிந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். இந்த வாரம் ஏழெட்டுப் பேர் கூப்பிட்டாங்க. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. பேரெல்லாம் வேண்டாம், சாயங்காலமா வாங்க, பின்வாசல் வழியா வாங்கங்கறாங்க. ஒருத்தர் வீட்டுக்குப் போனேன். சுவத்துல பெரிய கண்ணாடிச் சட்டத்துல பட்டமா மாட்டியிருந்துச்சு. ஐயா ரூமை விட்டு வெளியவே வரல. அவர் வீட்டம்மாதான் மெஷினைக் காட்டினாங்க."

"யாரு வீடு?"

"அதைச் சொன்னா தொழில் தர்மம் போயிரும் மேடம்," என்றார் மெக்கானிக் அம்மா. "பெல்ட்டு தேஞ்சிருந்துச்சு. மாத்திட்டேன்." அவருக்கு மறுபடி போன் வந்தது. பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார். சான்றிதழ் வாங்கும் நாளில் அவர் வரவில்லை. அன்றைக்கு அவருக்கு ஐந்து வீடு இருந்தது.

அடுத்த தொகுதி மாணவர்கள் ஒரு திங்கட்கிழமை வந்தார்கள். பதிமூன்று பேர். கையேடு இப்போது நூற்று எழுபது பக்கம். முதல் வாரத்துக்கான "அட்டை என்பது யாது?" மூன்று வாரமாக நீண்டிருந்தது. மில்லிமீட்டர் மேசைக்குப் பின்னால் நின்று அந்தப் பதிமூன்று முகங்களையும் பார்த்தாள். குழாய்க்காரர் ஒருவர், சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஒருவர், நாய்களுக்கு முடி வெட்டும் பெண் ஒருத்தி. எல்லாரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். ஒப்பந்தம் இன்னும் நாலு மாதம் இருந்தது. அவள் கால் ஆடத் தொடங்கியது.

போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கணினியைத் திறந்தாள்.

"ஒவ்வொருத்தரா வந்து எதிர்ல உக்காருங்க. முதல்ல போன் நம்பரைச் சொல்லுங்க. மெதுவா, தப்பில்லாம."

நாய்க்கு முடி வெட்டும் பெண் கையேட்டைப் புரட்டிவிட்டுக் கையைத் தூக்கினாள். "மேடம், இதுல இந்த வாரம் அட்டை என்பது யாதுன்னு யோசிக்கணும்னு போட்டிருக்கே?"

"யோசிச்சதா பதிவேட்டுல எழுதிக்கலாம்," என்றாள் மில்லிமீட்டர். "நம்பரைச் சொல்லுங்க."